தவழப் பழகிய ஏழு மாதங்கள்

என் நோய் பாதத்தில் தொடங்கியது. மாரி வெள்ளம் வடிந்து, ஊரில் பாதிப் பேருக்கு வயிற்றோட்டம் வந்து போன பின், ஒரு காலையில் வலது காலிலிருந்து செருப்பு கழன்று விழுந்தது. அது எனக்குத் தெரியவில்லை. பள்ளிக்கூட வாசலில் ஒரு சின்னப் பிள்ளை, "அக்கா, உங்கட ஒத்தச் செருப்ப ஆரு எடுத்த?" என்று கேட்டபோதுதான் குனிந்து பார்த்தேன். வெறுங்காலோடு அரை மைல் நடந்து வந்திருந்தேன். மூன்றாம் நாள் இரண்டு காலும் விழுந்துவிட்டன.

அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி. எங்கள் ஊர் மண்டூருக்குப் பக்கத்தில், வாவியின் மேற்குக் கரையில் இருக்கிறது. எங்கள் கரையில் ஆயுதம் ஏந்திய இயக்கம், எதிர்க்கரையில் அரசின் ஆமி. நடுவே ஓடும் இயந்திர மிதவையில் ஏறித்தான் அக்கரை போக வேண்டும். இறங்கியவுடன் சோதனைச்சாவடி.

உயர்தரப் பரீட்சை, ஏ.எல்., ஆகஸ்டில். மண்டபம் அக்கரையில். எங்கள் வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான். அப்பா வாவியில் வலை போடுகிறவர். கையெழுத்துக் கேட்டால் பெருவிரலை நீட்டுவார். அம்மாவும் அப்படித்தான். நான் சாதாரண தரம் சித்தியடைந்த தாளை அப்பா சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தார். வியர்வையில் எழுத்து அழிந்த பிறகும் ஆட்களுக்கு விரித்துக் காட்டினார். அந்தப் பெருமை எனக்கும் பிடித்திருந்தது. நான் அதை மறைத்ததில்லை.

சாவடியில் எல்லோரும் இறங்கி வரிசையாக நடக்க வேண்டும். ஐம்பதடி தூரம் இருக்கும். நொண்டி நடக்கும் இளம் ஆட்களை ஓரமாக நிறுத்துவார்கள். நொண்டினால் காயம், காயம் என்றால் சண்டையில் பட்டது. அதுதான் அங்கே கணக்கு. ஆகவே கால் விழுந்தபோது நான் முதலில் நினைத்தது சாவைப் பற்றியல்ல. அந்த ஐம்பதடியை எப்படி நடப்பேன் என்றுதான்.

அன்றைக்கு மிதவை ஓடவில்லை. அப்பா தோணியில் பாயை விரித்து என்னைக் கிடத்திக் கொண்டுபோனார்.

பெரியாஸ்பத்திரியில் ஓர் இளம் டொக்டர் என் முழங்காலுக்குக் கீழே சிறிய இறப்பர்ச் சுத்தியலால் தட்டினார். நல்ல கால் என்றால் தானாகத் துள்ளும். என் கால் துள்ளவில்லை. மற்றக் காலும் துள்ளவில்லை. கையைத் தட்டினார். அதுவும் அசையவில்லை. பிறகு கேட்டார்:

"எண்ணத் தெரியுமா தங்கச்சி?"

"நான் ஏ.எல். படிக்கிறன்."

"அப்ப நல்லது. ஒரே மூச்சில ஒண்டில இருந்து எண்ணுங்க பாப்பம்."

முப்பத்திரண்டு வரை எண்ணினேன். மறுநாள் இருபத்தேழு. அதற்கடுத்த நாள் பத்தொன்பது. நோய் காலிலிருந்து மேலே ஏறிக்கொண்டிருந்தது. மூச்சை இழுக்கும் தசைகளை அது பிடித்துவிட்டதா என்று பார்க்கத்தான் இந்த எண்ணிக்கை. பத்துக்குக் கீழே போனால் தொண்டைக்குள் குழாய் விட வேண்டும், கொழும்புக்கு அனுப்ப வேண்டும், அதற்கு வீதி திறந்திருக்க வேண்டும். டொக்டர் இதை எனக்குச் சொல்லவில்லை. நேர்சுக்கு ஆங்கிலத்தில் சொன்னார். எனக்கு ஆங்கிலம் விளங்கும் என்று அவர் நினைக்கவில்லை. அந்த ஒரு நாள் மட்டும், படிக்காமல் இருந்திருக்கலாம் என்று நினைத்தேன்.

எண்ணிக்கை பதினொன்றில் நின்றது. அம்மா கட்டிலின் கால்மாட்டில் நின்று நான் சொல்லச் சொல்ல விரல் மடிப்பார். பத்து விரலும் முடிந்து, பதினோராவதற்கு என் காலின் பெருவிரலைத் தொட்டார். தொட்டதைக் கண்டேன், உணரவில்லை. மூன்று நாள் பதினொன்றாகவே இருந்தது. நான்காம் நாள் பன்னிரண்டு. அம்மா என் இரண்டாவது கால்விரலைத் தொட்டுவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனார்.

முதுகை வில்லாக வளைத்துப் படுக்க வைத்து, இடுப்பு முள்ளெலும்புகளுக்கு நடுவே ஊசி ஏற்றித் தண்டுநீர் எடுத்தார்கள். அதில் புரதம் கூடியிருந்தது, கிருமியோடு சண்டை பிடிக்கும் கலங்கள் கூடவில்லை. அதை வைத்து நோயின் பெயரைச் சொன்னார்கள், ஜி.பி.எஸ். வயிற்றோட்டக் கிருமியைக் கொல்லப் புறப்பட்ட உடம்பின் காவல், கிருமி செத்த பிறகும் ஓயாமல், தன் சொந்த நரம்புகளின் மேலுறையைக் கடித்துத் தின்கிறது. எதிரி என்று நினைத்துத் தன்னையே அடிக்கிறது. டொக்டர் இப்படி விளக்கியபோது அம்மா, "நம்மட நாடு மாதிரி" என்றார். டொக்டர் திரும்பிக் கதவைப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

உறை மெல்ல வளரும், நரம்பு திரும்பும், ஆனால் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். தோலுக்குத் தொடுகை தெரியாவிட்டாலும் உள்ளே நொந்தது. ஈரத்துணியை முறுக்குவதுபோல் முதுகும் தொடையும் முறுகும். அம்மா துவாயைச் சுடுநீரில் நனைத்துப் பிழிந்து ஒற்றிக்கொண்டே இருப்பார்; அவருடைய உள்ளங்கை கொப்பளித்திருந்ததை ஒரு கிழமை கழித்துத்தான் கண்டேன்.

மூச்சு இருபதைத் தாண்டிய பின் நபீஸா மிஸ் வந்தார். ஏறாவூர்க்காரி. இயன்மருத்துவர், மருந்தில்லாமல் அசைவால் உடம்பைத் திருத்துகிறவர். என்னைவிட ஏழெட்டு வயதுதான் கூட. ஆஸ்பத்திரி வாட்டின் கோடியில் சீமெந்துத் தரையில் பாயை விரித்து, என்னைக் கட்டிலிலிருந்து இறக்கிக் கிடத்தினார்.

"புரளு."

முடியவில்லை.

"ஏ.எல். எடுக்கிற ஆளுக்கு ஆறு மாசப் புள்ள செய்யிற வேல தெரியல்ல."

எனக்கு வந்த ஆத்திரத்தில் தலையைத் திருப்பி, தோளை வீசி, புரண்டுவிட்டேன்.

"கோவம் வந்தாத்தான் புரளுறாய். நாளைக்கும் ஏசுறன்."

காலுக்கு மட்டும் பயிற்சி தந்தால் போதும், நான் நடக்க வேண்டும் என்றேன். மிஸ் சிரித்தார். "கால் மட்டும் தனிய எங்கயாவது போகுமா கா? கிணத்துல தண்ணி அள்ளக்குள்ள கையா அள்ளுது, காலா அள்ளுது, முதுகா அள்ளுது? எல்லாம் சேந்துதான். நீ சேத்துப் பழகு." அவருடைய முறை அதுதான். ஒவ்வொரு தசையாகப் பிரித்துப் பயிற்றுவதில்லை. முழு உடம்பையும், அது செய்ய வேண்டிய வேலையின் ஒழுங்கில் பழக்குவது. முதலில் புரளுதல். பிறகு குப்புறக் கிடந்து முழங்கையை ஊன்றித் தலை தூக்குதல். முழங்கையால் இழுத்து நகருதல். கையும் முழங்காலுமாகத் தவழுதல். முழங்காலில் நிற்றல். ஒரு பாதத்தை முன்னால் வைத்து எழும்புதல். ஒன்று வராமல் அடுத்ததற்கு விடமாட்டார். "நோவு வந்தா நிப்பாட்டு. களைப்பு வந்தா இளைப்பாறிப்போட்டுத் தொடங்கு. ரெண்டும் வேற வேற, நீதான் பிரிச்சறியணும்." இந்த நோய் வந்தவர்கள் வேறொன்றையும் நினைவில் வைக்காவிட்டாலும் இதை வைக்க வேண்டும். வளரும் நரம்பை வருத்தினால் பலம் பின்னால் போகும்.

நான்கு கிழமையில் என் முழங்கைகளும் முழங்கால்களும் கறுத்து, தோல் தடித்துக் காய்த்துவிட்டன. நான் பாடுபட்டதற்கு அடையாளம் என்று அதைத் தடவிப் பார்ப்பேன்.

பக்கத்துக் கட்டிலுக்குத் தேவகி வந்தது அப்போதுதான். மலேரியாக் காய்ச்சல். கரடியனாற்றுப் பிள்ளை, பதினேழு வயது. துணைக்கு வந்த மாமி இரண்டாம் நாளே போய்விட்டார். கண் விழித்து என் முழங்கையைக் கண்டதும் அவள் கேட்ட முதல் கேள்வி:

"அக்கா, நீயும் பாய் இழைக்கிறயா?"

"இல்ல. நான் படிக்கிறன்."

"படிச்சா இது காய்க்குமா? அதான் என்ன அம்மா பள்ளிக்கு விடல்ல." தன் கையை நீட்டினாள். அவளுக்கு இடது முழங்கையிலும் இரண்டு முழங்கால்களிலும் அதே கறுப்பு. முழங்காலிட்டு இருந்து, இடது முழங்கையை ஊன்றிக் குனிந்து, வலக் கையால் பன் புல்லை ஓட்டி இழைப்பாளாம். எட்டு வயதிலிருந்து.

காய்ச்சல் இறங்கிய நேரங்களில் நான் தவழும்போது எதிரே குந்தியிருப்பாள். "வா மகள் வா, பிஸ்கட் தாறன்" என்று கையைத் தட்டுவாள். எனக்குச் சிரிப்பு வந்து முழங்கை சறுக்கும். நபீஸா மிஸ் ஏசுவார். அவளோடு ஒன்பது நாள் இருந்தேன். பயமில்லாமல் இருந்த நாட்கள் அவைதான்.

ஒரு பிற்பகல், பார்வையாளர் போன பின், சிவில் உடுப்பில் மூன்று பேர் வந்தார்கள். யார் என்று சொல்லவில்லை, யாரும் கேட்கவில்லை. தேவகியின் கட்டிலில் நின்றார்கள். ஒருவன் நல்ல தமிழில், "கைய மடக்கு" என்றான். முழங்கையைப் பார்த்தான். பாவாடையை முழங்கால் மட்டும் தூக்கச் சொன்னான்.

"பாய் இழைக்கிற நான்" என்றாள்.

"பாய் இழைச்சா முழங்கை காய்க்குமா?" அவன் அவளிடம் கேட்கவில்லை. வாட்டைப் பார்த்துக் கேட்டான். இயக்கப் பயிற்சியில் தவழ்ந்தவர்களுக்கு முழங்கையும் முழங்காலும் காய்த்திருக்கும் என்பது அந்த நாளில் எல்லோருக்கும் தெரிந்தது. எனக்கும் தெரியும். என் கையில் கண்டபோது மட்டும் அது நினைவுக்கு வந்திருக்கவில்லை.

அவன் என் பக்கம் திரும்பினான். நான் இரண்டு கைகளையும் போர்வைக்குள் இழுத்துவிட்டிருந்தேன்.

"இவ?"

"கால் விளங்காது ஐயா. வாதம்" என்றார் அம்மா.

என் முழங்கையைத் தூக்கிக் காட்டியிருக்கலாம். இதோ பாருங்கள், எனக்கும் இருக்கிறது, சீமெந்துத் தரையில் தவழ்ந்தால் யாருக்கும் வரும், இயன்மருத்துவரைக் கேளுங்கள் என்று சொல்லியிருக்கலாம். அந்த வாட்டில் அதைச் சொல்லக்கூடிய ஒரே ஆள் நான். சொற்களை அடுக்கவும் எனக்குத் தெரியும். நான் ஆகஸ்டை நினைத்தேன்.

தேவகியும் ஒரு சொல் சொல்லியிருக்கலாம். 'அக்காட கையப் பாருங்க' என்று. அவளும் சொல்லவில்லை. என் பக்கம் திரும்பக்கூட இல்லை. சேலைன் ஊசி குத்திய இடத்தில் ஒட்டிய பஞ்சோடு அவர்களுக்கு நடுவில் நடந்து போனாள். செருப்புப் போட விடவில்லை.

மறுநாள் நபீஸா மிஸ் பாயை விரித்தார். நான் இறங்கவில்லை.

"வேற ஏதும் தாங்க மிஸ். கதிரையில இருந்து செய்யிற மாதிரி."

மிஸ் காலியான கட்டிலைப் பார்த்தார். "இடுப்புக்குப் பலம் தவழ்ந்துதான் வரணும் தங்கச்சி. இப்ப விட்டா நீ நடப்பாய், ஆனா காலை இழுத்துத்தான் நடப்பாய். நொண்டினாலும் பிடிப்பானுகள், காய்ச்சாலும் பிடிப்பானுகள். எதுக்குப் பயப்படுறண்டு நீயே யோசி." கோபமாகச் சொல்லவில்லை. பாயைச் சுருட்டி எடுத்தார்.

நான் தவழவில்லை. கம்பைப் பிடித்து நடந்தேன். வலது பாதம் நிலத்தில் உரசியது. சித்திரை முடிவில் வீட்டுக்கு விட்டார்கள். சாவடியில் கதிரையோடு தூக்கிப் போனார்கள்.

வீட்டில் அம்மா இலவம் பஞ்சை அடைத்து நான்கு திண்டுகள் தைத்தார், முழங்கைக்கு இரண்டு, முழங்காலுக்கு இரண்டு. கட்டிக்கொண்டு தவழு என்றார். நான் வெட்கப்பட்டேன். வேலிக்கு அப்பால் கண்கள். "கொமருப் புள்ள நாலு கால்ல போகுதாம்" என்று யாரோ சிரித்தது கேட்டது. பாயில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன்.

அப்பா வலையை வைத்துவிட்டு வந்தார். சாரத்தை மடித்துக் கட்டி, வெறும் மண்ணில் எனக்குப் பக்கத்தில் குப்புறப் படுத்தார்.

"எப்பிடிப் புள்ள? கையா முதல், காலா முதல்?"

"அப்பா, எழும்புங்க. ஆக்கள் பாக்கிறாங்க."

"பாக்கட்டும். நண்டு பிடிக்கிறவன் நண்டு மாதிரிப் போறதுல என்ன? நீ முந்துறயா, நான் முந்துறனா?"

அவர் பிழையாகத் தவழ்ந்தார். ஒரே பக்கத்துக் கையும் காலும் சேர்ந்து போக, சரிந்து விழுந்தார். திருத்திச் சொல்லிக் கொடுக்க நானும் தவழ வேண்டியிருந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு காலையும், வாவியிலிருந்து வந்த கையோடு, கிணற்றடியிலிருந்து வேலி வரை. ஆனியில் நான் குந்தி எழும்பினேன். ஆடியில் குடத்தைத் தூக்கினேன், முதுகு நோகவில்லை. பாதம் உரசுவது நின்றது.

திண்டுகள் எனக்குத்தான் இருந்தன. அப்பாவுக்கு அம்மா தைக்கவில்லை. அதை எங்களில் ஒருவரும் யோசிக்கவில்லை.

பரீட்சையின் முதல் நாள். வெள்ளைச் சீருடை. அப்பா அக்கரைவரை கூட வந்தார். வரிசையில் நடந்தேன். ஒன்று, இரண்டு என்று எண்ணி, நேராக, இரண்டு பாதமும் சமமாக விழ. பெண்களைச் சோதிக்கும் தகரக் கொட்டிலில் ஒரு பெண் பொலிஸ் என் முழங்கையைத் தடவிப் பார்த்தாள். தோல் மிருதுவாகியிருந்தது, மங்கிய நிறம் மட்டும்தான். போகச் சொன்னாள். வெளியே வந்து திரும்பிப் பார்த்தேன். அப்பாவை ஓரமாக நிறுத்தியிருந்தார்கள். சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டி.

"ஐயா, இது என்ன?" என்று சிப்பாய் உடைந்த தமிழில் கேட்டான். "ட்ரெயினிங்?"

"மகளோட தவண்ட ஐயா."

"என்ன?"

"தவண்ட. மகளோட."

வரிசையில் யாரோ சிரித்து, உடனே நிறுத்தினார்கள். அப்பா என்னைக் கண்டார். போ என்று கண்ணால் காட்டினார். மண்டபம் திறக்க அரை மணித்தியாலம் இருந்தது. நான் தாண்டிவிட்ட ஆள். என்னை யாரும் தேடவில்லை.

திரும்பி நடந்தேன். அப்பாவின் முழங்கைக் காய்ப்பு என்னால்தான் வந்தது என்றேன். நான் தவழ்ந்தேன், ஏழு மாதம், நோய் என்றேன். ஆஸ்பத்திரிக் கொப்பியைக் கொடுத்தேன். அவன் புரட்டிப் பார்த்துவிட்டு, நிலத்தைக் காட்டினான்.

"செய்."

வெள்ளைச் சீருடையோடு மணலில் குப்புறப் படுத்தேன். முழங்கையை ஊன்றித் தலையைத் தூக்கினேன். இழுத்து நகர்ந்தேன். கையும் முழங்காலுமாக எழும்பித் தவழ்ந்தேன், வலக் கை, இடக் கால். முழங்காலில் நின்றேன். ஒரு பாதத்தை முன்னால் வைத்து எழும்பினேன். மெதுவாகத்தான் எனக்கு வரும். சண்டைக்குப் பழகினவர்கள் இப்படி மெதுவாகப் போகமாட்டார்கள் என்று அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அப்பாவையும் செய்யச் சொன்னான். அப்பா பதற்றத்தில் மறுபடியும் ஒரே பக்கத்துக் கையையும் காலையும் வைத்துச் சரிந்து விழுந்தார். சிப்பாய் சிரித்துவிட்டான். கொப்பியை நீட்டி, "யன்ன, யன்ன" என்றான், போங்கள் என்று.

அடுப்பில் வைத்த ஒரு கேத்தில் தண்ணீர் கொதிக்கும் நேரம்கூட ஆகவில்லை.

மண்டபத்தில் முதல் வினாவை வாசித்தேன். விடை தெரியும். பேனையைப் பிடிக்கும் பலமும் இருந்தது. ஆனாலும் கொஞ்ச நேரம் எழுத முடியவில்லை. இவ்வளவுதானா, இவ்வளவுதானா என்று தலைக்குள் கேட்டுக்கொண்டிருந்தது. அந்த வாட்டில் வந்தவன் சிரித்திருக்க மாட்டான், இரண்டு பேரையும் கொண்டுபோயிருப்பான் என்று பிறகு எனக்கே பலமுறை சொல்லிப் பார்த்தேன். இருக்கலாம்.

இப்போது எனக்கு நோவு இல்லை. குந்துவேன், சுமப்பேன், தோணியில் தாவி ஏறுவேன். பள்ளிக்கூடத்துக்கு ஆசிரியையாகப் போய்வருகிறேன். இன்றும் காலையில் பாயில் அந்த ஒழுங்கைச் செய்கிறேன். முழங்கையை ஊன்றும் இடத்தில் எதிரே யாரோ குந்தியிருப்பதுபோல் இருக்கும். நான் தலையைத் தூக்குவதில்லை.

பரீட்சை எழுதிய அந்த வருடம், மாரி தொடங்க முன் உழவு மெஷினில் தொற்றி, மிச்சத்தை நடந்து, கரடியனாற்றுக்குப் போனேன். தேவகியின் அம்மா வாசலில் முழங்காலில் இருந்து பாய் இழைத்துக்கொண்டிருந்தார். மகளைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. எல்லா முகாமுக்கும் போய்க் கேட்டாயிற்று. நான் யார் என்று சொன்னேன். பக்கத்துக் கட்டில் என்றதும் பன்னைக் கீழே வைத்துவிட்டு, தண்ணீர் கொண்டுவந்து தந்தார். நான் குடிக்கவில்லை.

"எனக்கும் இருந்திச்சு அம்மா. முழங்கையில, அவக்கு இருந்த மாதிரியே. காட்டல்ல. போர்வைக்குள்ள ஒளிச்சிட்டன்."

அவர் ஏசுவார் என்று நினைத்தேன். ஏசவில்லை. விளங்காததுபோல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்க, காட்டு பாப்பம்."

சட்டைக் கையைச் சுருட்டினேன். என் கையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பி, பன் கிழித்த பெருவிரலால் முழங்கையைத் தடவினார். மற்றக் கையையும் வாங்கித் தடவினார்.

"ஒண்டும் இல்லியே, மகள்" என்றார்.

"நல்லாப் பாருங்க அம்மா" என்றேன்.

அவர் மறுபடியும் பார்த்தார்.